திரும்பி வரும் ஆஃப்ரோடு வண்டி எவ்வளவு பெரியதாக இருக்கும்? வெளியாகும் முன்பே கணிப்பது எப்படி

ஒரு காலத்தில் மலை, மணல், சேறு என்று எதற்கும் அஞ்சாமல் ஓடிய வண்டி. பல ஆண்டுகளுக்கு முன்பே தயாரிப்பு நின்றுவிட்டது. இப்போது அதே பெயரில் புதிய எஸ்யூவி வரப்போகிறது என்று செய்தி கசிகிறது. உடனே கணினியில் வரைந்த கற்பனைப் படங்கள் பரவத் தொடங்குகின்றன. கறுப்பு வெள்ளைச் சுழல்கள் ஒட்டிய சோதனை வண்டியின் மங்கலான புகைப்படம் ஒன்று எங்கிருந்தோ வருகிறது. பழையதைவிடச் சிறியது என்கிறார் ஒருவர். நிறுவனத்தின் பெரிய எஸ்யூவிக்கு நிகரானது என்கிறார் இன்னொருவர். புதிதாக ஆர்வம் கொண்டு படிக்க வருபவருக்கு யாரை நம்புவது என்றே தெரிவதில்லை.

இந்த ஊகங்களில் பல பிசகிப்போவதற்குக் காரணம், பெயரையும் முகத்தையும் பார்த்து அளவைச் சொல்வதுதான். அளவைத் தீர்மானிப்பது அடியில் இருக்கும் தளம். எந்தத் தளம், அதில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் என்ற இரண்டும் தெரிந்துவிட்டால் மிச்சக் கேள்விகளில் பெரும்பகுதிக்குத் தானாகவே விடை கிடைத்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தளம் என்பது என்ன?

ஒரு வண்டியை அடியோடு புதிதாக வடிவமைப்பது பெரும் செலவு. ஆகவே நிறுவனங்கள் சட்டம், அச்சுகள், எஞ்சின் உட்காரும் இடம், ஸ்டீயரிங், மின்கம்பி அமைப்பு ஆகியவற்றை ஒரு தொகுப்பாக உருவாக்கி, அதன்மேல் பல உடல்களைப் பொருத்துகின்றன. இந்தத் தொகுப்புக்குத்தான் தளம் என்று பெயர். கரடுமுரடான பாதைக்கான வண்டிகளில் பெரும்பாலும் இது ஏணி வடிவச் சட்டமாக இருக்கும்: நீளவாக்கில் இரண்டு எஃகுத் தண்டுகள், குறுக்கே சில தண்டுகள். வண்டியின் உடல் தனியாகச் செய்யப்பட்டு, ரப்பர் தாங்கிகளின்மேல் இறுக்கப்படுகிறது.

ஏணிச் சட்டத்துக்கு ஒரு வசதி உண்டு. முன்பகுதியை மாற்றுவது கடினம். அங்கேதான் எஞ்சினும் மோதலைத் தாங்கும் பகுதியும் இருக்கின்றன. நடுப்பகுதியை நீட்டுவதோ குறைப்பதோ ஒப்பீட்டளவில் எளிது. அதனால் ஒரே குடும்பத்தில் நீளமான பிக்கப், நடுத்தர எஸ்யூவி, குட்டையான எஸ்யூவி மூன்றும் பிறக்க முடியும்.

டொயோட்டாவின் குடும்பம் ஒன்றைப் பாருங்கள். 2015இல் வந்த ஹைலக்ஸ் பிக்கப்பின் வீல்பேஸ், அதாவது முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரையிலான தூரம், 3085 மி.மீ. அதே குடும்பத்து ஃபார்ச்சூனருக்கு 2745 மி.மீ. 2025 அக்டோபரில் அறிமுகமான லேண்ட் குரூசர் எஃப்ஜே அதே குடும்பத்தில் இன்னும் குட்டையானது: 2580 மி.மீ. அந்த வண்டி வெளியாகும் முன்பு, சாதாரணக் கார்களின் தளத்தில் மென்மையான சிறிய வண்டியாக வருமா, பிக்கப் தளத்தில் வருமா என்று நெடுநாள் பேச்சு நடந்தது. பிக்கப் தளம் என்பது உறுதியாகியிருந்தால் அகலம் ஏறக்குறைய ஊகிக்கக்கூடியதே. இறுதியில் 4575 மி.மீ. நீளம், 1855 மி.மீ. அகலம், 1960 மி.மீ. உயரத்தோடு வந்தது. நீளத்தில்தான் அது சிறிய வண்டி. அகலத்தில் ஃபார்ச்சூனரின் உடன்பிறப்பு, உயரத்தில் அதையும் மிஞ்சியது. "குட்டி லேண்ட் குரூசர்" என்ற சொல்லைக் கேட்டு எல்லாப் பக்கமும் சுருங்கிய வண்டியை மனத்தில் வரைந்தவர்கள் இந்த இடத்தில்தான் தவறினார்கள்.

தளத்தைப் பற்றிய துப்பு சில சமயம் வண்டியின் படத்தில் இல்லாமல் தொழிற்சாலைச் செய்தியில் இருக்கும். 2017 ஜனவரியில் ஃபோர்டு, பிரான்கோ என்ற பெயர் திரும்பி வரும் என்று அறிவித்தபோது வண்டியைக் காட்டவில்லை. ஆனால் மிச்சிகன் மாநிலத்தில் வேய்ன் நகரிலுள்ள ஆலையில் ரேஞ்சர் பிக்கப்பும் பிரான்கோவும் தயாராகும் என்று சொன்னது. ஒரே கூரையின்கீழ் இரண்டு வண்டிகள் என்றால் தளமும் ஒன்றாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். அன்றே ரேஞ்சரின் அளவுகளை எடுத்து வைத்துக்கொண்டவர்கள் சரியான திசையில் யோசித்தார்கள். 2020 ஜூலையில் வெளியான பிரான்கோ, ரேஞ்சரின் டி6 என்ற தளக் குடும்பத்திலிருந்தே வந்தது. இரண்டு கதவு வண்டிக்கு 2550 மி.மீ., நான்கு கதவு வண்டிக்கு 2949 மி.மீ. வீல்பேஸ்.

பழைய அளவு ஏன் திரும்புவதில்லை?

1966ஆம் ஆண்டின் முதல் பிரான்கோவின் வீல்பேஸ் 92 அங்குலம், ஏறக்குறைய 2337 மி.மீ. புதிய இரண்டு கதவு வண்டிகூட அதைவிட 200 மி.மீ.க்கு மேல் நீளம். டொயோட்டாவின் பழைய லேண்ட் குரூசரான எஃப்ஜே40இன் வீல்பேஸ் 2285 மி.மீ.; அதன் முகத்தை நினைவுபடுத்தி 2006இல் விற்பனைக்கு வந்த எஃப்ஜே குரூசருக்கு 2690 மி.மீ. அந்த வண்டி டொயோட்டாவின் பிராடோ எஸ்யூவியின் 2790 மி.மீ. தளத்தைக் குறுக்கிச் செய்தது. எஃப்ஜே40இன் அளவுக்கு இறங்குவது அந்தத் தளத்தால் ஆகாத காரியம்.

லேண்ட் ரோவர் டிஃபென்டரில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். பழைய வண்டியின் 90, 110 என்ற எண்கள் வீல்பேஸை அங்குலத்தில் குறித்தவை. 110 என்றால் 2794 மி.மீ.; 90 என்று அழைக்கப்பட்டது உண்மையில் சற்றுக் கூடுதலாக 2360 மி.மீ. பழைய டிஃபென்டரின் தயாரிப்பு 2016 ஜனவரியில் நின்றது. 2019 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் புதியது வந்தபோது அதே எண்கள் திரும்பின, அளவுகள் திரும்பவில்லை. புதிய 90இன் வீல்பேஸ் 2587 மி.மீ., 110இன் வீல்பேஸ் 3022 மி.மீ. பெயர்ப்பலகையில் 110 என்று இருந்தாலும் அளந்தால் 119 அங்குலம் வரும்.

அகலத்திலும் இதே கதை. பழைய டிஃபென்டர் ஏறத்தாழ 1790 மி.மீ.; புதியது பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காமலேயே 1996 மி.மீ. ஆடம்பர ஆசை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. பழைய வண்டியின் கதவு மெல்லிய தகடு. ஓட்டுநரின் தோள் கதவில் இடிக்கும். இன்றைய கதவுக்குள் பக்கவாட்டு மோதலைத் தாங்கும் தண்டு இருக்க வேண்டும், இருக்கைக்கும் கதவுக்கும் இடையே காற்றுப்பை விரிய இடம் வேண்டும். பாதசாரி மீது மோதினால் தலை நேராக எஞ்சின்மேல் இடிக்காதபடி பானெட்டுக்கும் எஞ்சினுக்கும் இடைவெளி விட வேண்டும். அதனால் பானெட் உயர்கிறது. இவை உயிர் காக்கும் மில்லிமீட்டர்கள். பழைய வண்டியை உயிராய் நேசிப்பவர்களுக்கும் இதை நான் தயங்காமல் சொல்வேன்.

வளராமல் நின்ற வண்டியும் ஒன்று உண்டு. சுசுகி ஜிம்னி. ஜப்பானில் கெய் என்னும் சிறு வாகன வகைக்கு நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், எஞ்சின் 660 சி.சி. என்று சட்டமே எல்லை போட்டிருக்கிறது. 2018இல் வந்த நான்காம் தலைமுறை ஜிம்னியின் ஜப்பானிய வடிவம் 3395 மி.மீ. நீளம், 1475 மி.மீ. அகலம். எல்லைக்கு 5 மி.மீ. உள்ளே நிறுத்தியிருக்கிறார்கள். ஆகவே ஒரு வண்டி முதன்மையாக எந்த நாட்டுச் சந்தைக்கு, எந்த வரி வகைக்குள் விற்கப்படும் என்பதும் அளவைச் சொல்லும் வலுவான தடயம்.

புகைப்படத்திலிருந்து வீல்பேஸை அளப்பது

இதை யாரும் வீட்டில் உட்கார்ந்தே செய்யலாம், செய்து பார்ப்பதில் தனி இன்பமும் இருக்கிறது. சோதனை வண்டியை எவ்வளவு போர்த்தினாலும் டயரைப் போர்த்த முடியாது. டயரின் பக்கவாட்டில் அதன் அளவு அச்சிடப்பட்டிருக்கும். படத்தைப் பெரிதாக்கினால் சில நேரம் படிக்கக் கிடைக்கும்.

265/65 ஆர்17 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 265 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது: 265இல் 65 சதவீதம், 172.25 மி.மீ. பக்கச்சுவர் மேலும் கீழும் வருவதால் அது இரண்டு மடங்காகி 344.5 மி.மீ. உள்ளே இருக்கும் சக்கரம் 17 அங்குலம், அதாவது 431.8 மி.மீ. கூட்டினால் டயரின் முழு விட்டம் 776 மி.மீ. கையில் ஓர் அளவுகோல் கிடைத்துவிட்டது.

இனி வண்டியின் பக்கவாட்டுப் படத்தில் திரையின்மேல் அளவுகோலை வையுங்கள். டயர் 50 மி.மீ., இரண்டு சக்கர மையங்களுக்கு இடையே 166 மி.மீ. என்று வருகிறது. 166ஐ 50ஆல் வகுத்தால் 3.32. அதை 776ஆல் பெருக்கினால் 2576 மி.மீ. இந்தக் குட்டை வண்டி 2850 மி.மீ. வீல்பேஸ் கொண்ட பெரிய அண்ணனாக இருக்க வாய்ப்பே இல்லை என்று இனித் துணிந்து சொல்லலாம்.

மூன்று விஷயங்களில் கவனம் வேண்டும். டயரின் விட்டத்தைக் குறுக்குவாட்டில் அளக்க வேண்டும், செங்குத்தாக அல்ல. வண்டி சற்றே சாய்வாக நின்றால் வீல்பேஸ் படத்தில் சுருங்கித் தெரியும்; அதே திசையில் டயரின் குறுக்கு விட்டமும் அதே விகிதத்தில் சுருங்கும், ஆகவே கணக்கு பெரிதாகக் கெடாது. போதாததற்கு, எடை தாங்கும் டயர் தரையைத் தொடும் இடத்தில் சற்று நசுங்கியிருக்கும் என்பதால் செங்குத்து அளவு குறைவாகவே வரும். அடுத்தது, முன் சக்கரம் திரும்பியிருக்கலாம், அதனால் பின் டயரையே அளக்க வேண்டும். கடைசியாக, ஒரு சக்கரம் மற்றதைவிடக் கண்ணுக்குத் தெரியும்படி பெரியதாக இருந்தால் கேமரா மிக அருகில் இருந்திருக்கிறது. அந்தப் படத்தைக் கணக்குக்கு எடுக்காதீர்கள்.

இதன் துல்லியத்துக்கும் எல்லை உண்டு. டயரை அளப்பதில் ஒரு மில்லிமீட்டர் தவறினாலே முடிவில் 50 மி.மீ. பிசகும். 2580ஆ 2850ஆ என்ற கேள்விக்கு இந்த முறை விடை சொல்லும். 2560ஆ 2600ஆ என்று கேட்டால் சொல்லாது. மங்கலான படத்தை வைத்துக் கடைசி இலக்கம் வரை அளவு கூறுபவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

சில மில்லிமீட்டர்களுக்கு ஏன் இத்தனை அக்கறை?

மற்றக் கார்களில் வீல்பேஸ் நீண்டால் பின் இருக்கையில் கால் நீட்ட இடம் கிடைக்கும், அவ்வளவே. கரடுமுரடான பாதைக்கான வண்டியில் அது திறனையே மாற்றும். கூர்மையான மேட்டின்மேல் ஏறி இறங்கும்போது முன் சக்கரங்கள் மேட்டைத் தாண்டியிருக்கும், பின் சக்கரங்கள் இன்னும் ஏறியிருக்காது. அந்த நேரத்தில் மேட்டின் உச்சி வண்டியின் வயிற்றில் முட்டக் கூடாது. எவ்வளவு கூர்மையான மேட்டை முட்டாமல் கடக்கலாம் என்பதை ஒரு கோணமாகச் சொல்வார்கள். சக்கரங்களுக்கு இடையே தூரம் கூடினால் இந்தக் கோணம் குறையும்.

ஜிம்னியில் இதைத் தெளிவாகக் காணலாம். மூன்று கதவு ஜிம்னியின் வீல்பேஸ் 2250 மி.மீ.; 2023 ஜனவரியில் டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் அறிமுகமான ஐந்து கதவு ஜிம்னிக்கு 2590 மி.மீ. இரண்டுக்கும் தரையிலிருந்து உள்ள இடைவெளி ஒன்றே, 210 மி.மீ. நடுவில் 340 மி.மீ. சேர்ந்த ஒரே காரணத்தால் மேட்டைக் கடக்கும் கோணம் 28 பாகையிலிருந்து 24 பாகைக்கு இறங்கியது. முன்புறம் ஏறும் கோணமோ 37இலிருந்து 36 ஆனதோடு சரி, ஏனென்றால் அது முன் சக்கரத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைப் பொறுத்தது. எனவே வரப்போகும் வண்டி இரண்டு கதவா, நான்கு கதவா என்ற வாதத்தை அழகு பற்றிய வாதமாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். குடும்பத்தோடு பயணம் போகிறவருக்கும் பாறைமேட்டில் ஏறுகிறவருக்கும் ஒரே நீளம் பொருந்தாது. பிரான்கோவும் டிஃபென்டரும் இரண்டு நீளங்களில் வந்ததை நான் மிகச் சரியான முடிவாகவே கருதுகிறேன்.

போர்வைக்குள் தெரியும் வடிவம்

வடிவமைப்பைக் கணிப்பது அளவைக் கணிப்பதைவிடக் கடினம். சோதனை வண்டிகளில் ஒட்டப்படும் சுழல் படங்கள், உடலின் விளிம்புகளையும் மடிப்புகளையும் கண்ணுக்குப் பிடிபடாமல் செய்வதற்காகவே வரையப்படுபவை. அதற்கு அடியில் பொய்யான பிளாஸ்டிக் மேடுகளையும் பஞ்சையும் வைத்து உருவத்தையே திரிப்பார்கள். விளக்குகள் தற்காலிகமானவையாக இருக்கலாம். ஆகவே முகத்தைப் பற்றிய எந்தத் தீர்ப்பையும் அந்தக் கட்டத்தில் நம்ப வேண்டாம்.

மறைக்க முடியாதவற்றைப் பாருங்கள். ஓட்டுநர் வெளியே பார்த்தாக வேண்டும் என்பதால் முன் கண்ணாடியின் சாய்வு அப்படியே தெரியும். கதவுக் கோடுகள் தெரியும். முன் சக்கரத்துக்கு முன்னும் பின் சக்கரத்துக்குப் பின்னும் எவ்வளவு உடல் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது ஓரளவு தெரியும். பின்னாலிருந்து எடுத்த படம் கிடைத்தால் கீழே குனிந்து பாருங்கள்: இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஒற்றைக் கனத்த அச்சும் அதன் நடுவே உருண்டு தொங்கும் டிஃபரன்ஷியலும் (எஞ்சினின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பகுதி) தெரிந்தால், பெரும்பாலும் அது ஏணிச் சட்ட வண்டி. ஒவ்வொரு சக்கரமும் தனித்தனிக் கைகளில் தொங்கினால் முடிவு சொல்ல அவசரப்படாதீர்கள். இருவகை வண்டிகளிலும் அப்படி வரும். புதிய டிஃபென்டர் ஏணிச் சட்டத்தை விட்டுவிட்டு, சட்டமும் உடலும் ஒன்றான அலுமினியக் கட்டமைப்புக்கு மாறியது. அதன் நான்கு சக்கரங்களும் தனித்தனியாக இயங்குபவை.

பிரான்கோவில் எனக்கு மிகப் பிடித்த நுணுக்கம் ஒன்று பக்கக் கண்ணாடியில் இருக்கிறது. பொதுவாக அது கதவில் பொருத்தப்பட்டிருக்கும். பிரான்கோவில் கதவுக்கு முன்னால், உடலிலேயே பொருத்தியிருக்கிறார்கள். கதவைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டும்போதும் பின்னால் வருவது தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அது. கண்ணாடியின் கால் எங்கே ஊன்றியிருக்கிறது என்பதைக் கவனித்தாலே, கதவுகள் கழற்றக்கூடியவையா என்ற கேள்விக்குப் பாதி விடை வந்துவிடும்.

கண்காட்சிகளில் காட்டப்படும் முன்மாதிரிகளை எவ்வளவு நம்பலாம்? 2003இல் டெட்ராய்டில் டொயோட்டா காட்டிய எஃப்ஜே குரூசர் முன்மாதிரியின் வெள்ளைக் கூரையும் அகன்ற முகமும் சில ஆண்டுகளில் விற்பனைக்கு வந்த வண்டியில் ஏறக்குறைய அப்படியே இருந்தன. 2011இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் லேண்ட் ரோவர் காட்டிய டிசி100, டிஃபென்டரின் வாரிசு என்று சொல்லப்பட்டது. பழைய வண்டியின் அன்பர்கள் பலர் அதை ஏற்கவில்லை, எட்டு ஆண்டுகள் கழித்து வந்த வண்டி வேறாகவே இருந்தது. முன்மாதிரியில் சாதாரண அளவுள்ள பக்கக் கண்ணாடிகள், வைப்பர், கதவைச் சுற்றி இயல்பான இடைவெளி, சக்கரம் மேலே எழும்ப வளைவுக்குள் போதிய இடம் ஆகியவை இருந்தால் அது தயாரிப்புக்கு அருகில் இருக்கிறது. கண்ணாடிக்குப் பதில் மெல்லிய கேமராவும் வளைவை உரசும் பெரிய சக்கரமும் இருந்தால் அதை ஓவியமாகப் பாருங்கள்.

இரண்டு வண்டிகள், ஒரே பெயர்

புகழ்பெற்ற பெயர் திரும்பும்போது அதை ஒரு வண்டியோடு நிறுத்த நிறுவனங்களுக்கு மனம் வராது. பிரான்கோ வெளியான அதே நாளில் பிரான்கோ ஸ்போர்ட் என்ற இன்னொன்றும் வெளியானது. ஏணிச் சட்டம் இல்லாத, கார் தளத்தில் அமைந்த வண்டி அது. அதன் வீல்பேஸ் 2670 மி.மீ., இரண்டு கதவு பிரான்கோவைவிட 120 மி.மீ. அதிகம்! ஆனாலும் மொத்த நீளத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று, அகலத்தில் ஸ்போர்ட் குறைவு. கசிந்த அளவு ஒன்று கைக்கு வந்தால், எந்த உடன்பிறப்பின் அளவு என்று முதலில் கேட்க வேண்டும்.

நீளத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. பின் கதவில் மாற்றுச் சக்கரம் தொங்கும் வண்டிக்கு இரண்டு நீளங்கள் உண்டு. டிஃபென்டர் 110 சக்கரத்தோடு 5018 மி.மீ., சக்கரமில்லாமல் 4758 மி.மீ. இடையில் 260 மி.மீ. ஒருவர் ஒன்றையும் மற்றவர் மற்றதையும் வைத்துக்கொண்டு வாதிட்டால் இருவருமே சரியான எண்ணோடுதான் சண்டையிடுவார்கள். வண்டியை நிறுத்த இடம் தேடும்போது மட்டும் பெரிய எண்ணே உண்மை.

மின்சார வண்டியாகத் திரும்பினால்

இங்கே கணக்கே மாறுகிறது. பேட்டரியைப் பெரும்பாலும் இரண்டு அச்சுகளுக்கு நடுவே தரைக்கு அடியில்தான் வைப்பார்கள். அதிகத் தூரம் ஓட வேண்டுமானால் பெரிய பேட்டரி, அதற்கு நீண்ட வீல்பேஸ். 2010இல் மூடப்பட்ட ஹம்மர் பெயர், 2020இல் ஜிஎம்சி மின்சார பிக்கப்பாக அறிமுகமானபோது வீல்பேஸ் 3444 மி.மீ.; ராணுவ வண்டியிலிருந்து பிறந்த முதல் ஹம்மருக்கே 3302 மி.மீ. தான். எடை 4 டன்னைத் தாண்டியது. அத்தனை நீளத்தைக் குறுகிய வளைவில் திருப்புவதற்காகப் பின் சக்கரங்களும் திரும்பும்படி செய்தார்கள்.

மெர்சிடீஸ் வேறு வழியில் போனது. 2024இல் வந்த மின்சார ஜி வண்டியில் பேட்டரியை ஏணிச் சட்டத்துக்குள்ளேயே அடக்கி, எஞ்சின் வண்டியின் 2890 மி.மீ. வீல்பேஸை மாற்றாமல் விட்டது. 2022இல் ஃபோக்ஸ்வாகன் குழுமம் உயிர்ப்பித்த ஸ்கவுட் என்ற பழைய அமெரிக்க ஆஃப்ரோடு வண்டியின் பெயரிலும், 2024 அக்டோபரில் காட்டிய முன்மாதிரிகளில் சட்டமும் உடலும் தனித்தனியே இருக்கின்றன, பின்னால் ஒற்றை அச்சு. 1961 முதல் 1980 வரை ஓடிய பழைய ஸ்கவுட்டின் அடிப்படை வீல்பேஸ் 100 அங்குலம், 2540 மி.மீ. நான்கு கதவும் தரைக்கடியில் பேட்டரியும் கொண்டு வரும் புதியது அந்த அளவில் நிற்க வழியில்லை. அதன் விற்பனை வடிவம் பற்றிப் பேசும்போது பழைய ஸ்கவுட்டின் படத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, முன்மாதிரியின் இரு சக்கரங்களுக்கு நடுவே தரைத்தட்டு எவ்வளவு தடிமனாகத் தெரிகிறது, அது சட்டத்துக்குக் கீழே இறங்கித் தொங்குகிறதா என்று பாருங்கள். மேட்டைக் கடக்கும் கோணம் எவ்வளவு மிஞ்சும் என்பது அங்கேதான் இருக்கிறது.